சாவகம் வந்த மணிமேகலை

தமிழிலக்கியத்தில் நிலைபெற்ற பெண் பாத்திரங்களை எண்ணத் தொடங்குவார்க்கு முதற்கண் நினைவில் எழுபவள் கண்ணகியே. விரித்த கூந்தலும் ஏந்திய சிலம்புமாகப் பாண்டியன் அவையில் நீதி கேட்டு நிற்கும் அவளது தோற்றம் பள்ளிச் சிறுவரும் அறிந்ததாகும். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோலாலம்பூரில் கூடிற்று. இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையில் கூடியபொழுது மெரினாக் கடற்கரையில் சிலைகள் பல எழுந்தன; அவற்றுள் கண்ணகி சிலையும் ஒன்று. 2001 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டபோது தமிழுலகில் எழுந்த கொதிப்பும், 2006-இல் அது மீண்டும் அக்கடற்கரையிலேயே நிறுவப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சியும், ஒரு காப்பிய மகள் மக்கள் நெஞ்சில் எத்துணை ஆழமாக இடம்பெற முடியும் என்பதற்குச் சான்றுகள். அச்சிலை வரிசையில் ஔவைக்கும் இடமுண்டு. மணிமேகலைக்கு இல்லை.

கண்ணகியின் பெருமையைக் குறைத்துக் கூறல் ஈண்டு நோக்கமன்று. ஆயினும், இரட்டைக் காப்பியங்கள் என்று ஒருசேரப் பெயர் சொல்லப்படும் இரண்டனுள் ஒன்றன் தலைவி சிலையாகவும் தெய்வமாகவும் நிற்க, மற்றதன் தலைவி பாடநூலின் ஒரு பத்தியாகச் சுருங்கியது ஏன் என்பது கேட்கத்தக்க வினாவேயாகும். ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், காதைகள் முப்பது, சமயம் பௌத்தம் என்று தேர்வுக்கு வேண்டிய அளவில் மனனம் செய்துவிட்டு நூலை மூடிவிடும் மாணவர் பலர். அவர்களை அவ்வாறு மூடவிடும் ஆசிரியர்களும் உளர். 1940-இல் கே. பி. சுந்தராம்பாள் மணிமேகலையாக நடித்த திரைப்படம் ஒன்று வெளிவந்தது. ஈராண்டுகளின் பின் வந்த ‘கண்ணகி’ படம் மக்கள் நினைவில் நின்ற அளவிற்கு அது நிற்கவில்லை. மலேசியத் தமிழரைப் பொறுத்தவரை இம்மறதி இன்னும் வியப்பிற்குரியது. ஏனெனில் ஐம்பெருங் காப்பியங்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பவற்றின் தலைவியரில் கீழைக்கடல் கடந்து சாவக நாட்டில் கால் வைத்தவள் மணிமேகலை ஒருத்தியே.

இம்மறதிக்கு ஒரு வரலாறு உண்டு. தமிழில் தோன்றிய பௌத்தக் காப்பியங்களுள் முழுமையாக எஞ்சியது மணிமேகலை மட்டுமே. குண்டலகேசியில் சில செய்யுட்களே கிடைக்கின்றன. தமிழகத்தில் பௌத்தம் மறைந்தபின் மணிமேகலையைப் பாடம் சொல்வார் அற்றுப்போயினர். மூலத்தைத் திருமயிலை சண்முகம் பிள்ளை 1894-இல் அச்சிட்டார். உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கி, அரும்பதவுரையுடன் 1898-இல் வெளியிட்டார். சிந்தாமணிக்குச் சமணர் இல்லங்கள் அவருக்குத் துணை நின்றன. மணிமேகலையின் பௌத்தக் கொள்கைகளை விளக்கவோ தமிழ்நாட்டில் ஒரு பௌத்தரும் இலர். கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களின் வாயிலாகத் தாம் அறிந்த பௌத்தத்தை ஐயர்க்கு எடுத்துரைத்தார். தமிழ்ப் புலவர் ஒருவர் தமிழ்ப் பெண் ஒருத்தியின் கதையை விளங்கிக்கொள்ள மேலைநாட்டார் எழுதிய நூல்களின் துணையை நாட வேண்டியிருந்த நிலையை எண்ணிப் பார்த்தால், அவள் எத்துணைத் தொலைவு விலகிப் போயிருந்தாள் என்பது புலனாகும்.

இனி, அவள் யார் என்பதை நோக்குவோம். மாதவி ஈன்ற மகவுக்குக் கோவலன் சூட்டிய பெயர் மணிமேகலை. அவன் முன்னோருள் ஒருவனை மரக்கலம் உடைந்தபொழுது காத்த கடல் தெய்வத்தின் பெயர் அது. ஆக, பெயரிலேயே கடலைத் தாங்கி வளர்ந்தவள் அவள். கோவலன் கொலையுண்டபின் மாதவி துறவு நெறியை நாடினாள். இந்திர விழா வந்தது; ஆடற்கு மாதவியும் மகளும் வரவில்லை என்று ஊர் பழி பேசிற்று; சித்திராபதி தூது விடுத்தாள். அதற்கு மாதவி இறுத்த விடை தமிழ்க் காப்பியங்களிலேயே எண்ணி வியக்கத்தக்கது. மணிமேகலை தன் மகள் அல்லள், மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றாள் அவள். பெற்றவள் தன் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்து, தன்னால் வாழ்விழந்த மற்றொருத்திக்குத் தன் குழந்தையை மகளாக்கித் தருகின்றாள். மணிமேகலையின் கதை முழுவதும் இவ்வொரு சொல்லிலிருந்தே கிளைக்கிறது எனலாம்.

குலத்தொழில் என்பது மீற முடியாத விதியாக எண்ணப்பட்ட சூழலில், பாட்டியும் ஊரும் அரசிளங்குமரனும் சேர்ந்து ஒரு பெண்ணை அரங்கிற்கு அழைக்கின்றனர். அவள் மறுக்கின்றாள். இம்மறுப்பைச் சாத்தனார் எளிதாக்கிக் காட்டவில்லை. உவவனத்தில் பளிக்கறைக்குள் ஒளிந்து உதயகுமரனிடமிருந்து தப்பிய பின்னர், தன்னை இழித்துப் பேசிய அவன்மீதே தன் நெஞ்சம் சென்றதாகச் சுதமதியிடம் அவள் வாய்விட்டு உரைக்கின்றாள். உணர்ச்சியற்ற துறவுப் பதுமையாக அவளைக் கருதுவோர் இவ்விடத்தைப் படித்தாரில்லை. ஆசை உள்ளவளாக இருந்தும் நடந்தாள் என்பதே அவளது உயர்வு.

மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச் சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அங்குப் புத்த பீடிகையைக் கண்டு பழம்பிறப்பை உணர்ந்த அவள், வேற்றுருக் கொள்ளவும் வான்வழிச் செல்லவும் பசியைப் போக்கவும் வல்ல மந்திரங்கள் மூன்றனைப் பெறுகின்றாள். அத்தீவின் கோமுகிப் பொய்கையில், வைகாசித் திங்கள் விசாக முழுமதி நாளில், அமுதசுரபி அவள் கையை வந்தடைகிறது. அது புத்தர் பிறந்த நாள். இன்று மலேசியா முழுவதும் விசாக நாள் பொதுவிடுமுறை. 1894-இல் தோன்றிய சிங்களப் பௌத்தர் சங்கம் பிரிக்பீல்ட்சில் அமைத்த மகா விகாரையிலிருந்து அந்நாளில் விளக்கூர்வலம் புறப்படுகிறது. அதனைக் காணும் தமிழ் மாணவருள் எத்தனை பேர், தம் மொழியின் காப்பியம் ஒன்றில் அந்நாளுக்கே ஓர் இடமுண்டு என்பதை அறிவர்?

பாத்திரம் கிடைத்தது, முதற் பிச்சையை யாரிடம் ஏற்பது? கற்புடைய மகளிர் இடும் பிச்சையே சிறந்தது என அறிந்து, காயசண்டிகை காட்டிய வழியே ஆதிரையின் இல்லத்தின்முன் மணிமேகலை நிற்கின்றாள். ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகை ஒருத்தியிடம் பொருளிழந்து, பின் வணிகருடன் கடலேறிக் கலமுடைந்து, நாகர் வாழும் மலையை அடைந்தவன். அவன் இறந்தான் என்று கேட்ட ஆதிரை தீப்பாய்ந்தாள். தீ அவளைச் சுடவில்லை. கணிகையால் கணவனை இழந்து மீண்டும் பெற்ற ஒருத்தி, கணிகை வயிற்றில் பிறந்தவளின் பாத்திரத்தை முதன்முதலில் நிறைக்கின்றாள். கண்ணகிக்கும் மாதவிக்கும் இடையே நேராத சந்திப்பை இவ்விருவர் வாயிலாகச் சாத்தனார் நிகழ்த்திவிட்டார் போலும்!

பன்னீராண்டு யானைத்தீ என்னும் பெரும்பசி நோயால் வாடிய காயசண்டிகையின் பசி, அப்பாத்திரத்து ஒருபிடி உணவால் தணிகிறது. பின் உலகவறவி என்னும் அம்பலத்தில் குருடர், செவிடர், முடவர், பேணுவார் இல்லாதார் யாவர்க்கும் உணவு வழங்கப்படுகிறது. பசியைப் பிணி என்றே பெயரிட்டு அதனை அறத்தின் நடுப்பொருளாக்கியது இக்காப்பியத்தின் தனிச்சிறப்பு. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் தாங்கிய தோட்டத்துத் தமிழர்க்கும், சயாம் மரண இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் குடும்பத்தார்க்கும், அச்சொல்லின் பொருளை உரைநூல் கொண்டு விளக்க வேண்டியிருந்திருக்காது.

சோழ மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதெனக் கேட்டபொழுது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள் மணிமேகலை; அவ்வாறே ஆகிறது. உதயகுமரன் அவள் காயசண்டிகை வடிவில் இருந்த காலத்துக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனனால் வெட்டுண்டு மடிகின்றான். மன்னன் அவளைக் காவலில் வைக்கின்றான். மகனை இழந்த அரசி அவளைப் புழுக்கறையிலிட்டு உணவின்றி வருத்துகின்றாள். அவள் வாடாமை கண்டு அஞ்சிய அரசியிடம் மணிமேகலை கடிந்து பேசவில்லை. நீ அழுதது உடலுக்கோ உயிர்க்கோ என்று கேட்டு, உடலுக்காயின் அதனைச் சுடுகாட்டிற்கு அனுப்பியது யார் என்கின்றாள். ஆறுதலாகக் கூறப்பட்ட இச்சொற்களில் ஒரு கடுமையும் உண்டு. காப்பியத்தின் சுவை அக்கடுமையிலேயே இருக்கிறது.

அங்கிருந்து அவள் செல்லும் இடமே சாவகம். அமுதசுரபியை முன்னர் ஏந்தியவன் ஆபுத்திரன். தாயால் கைவிடப்பட்டு ஆவின் பாலுண்டு பிழைத்தவன். வேள்விக்குரிய பசுவைக் காத்ததற்காக ஊரால் துரத்தப்பட்டவன். மதுரையில் சிந்தாதேவி அளித்த பாத்திரத்தால் அவன் பசி போக்கி வர, பொறாமை கொண்ட இந்திரன் நாடெங்கும் மழை பொழிவித்து உண்பாரில்லாமற் செய்துவிட்டான். சாவகத்தில் மழையின்றி மக்கள் மடிகின்றனர் எனக் கேட்டு ஆபுத்திரன் கப்பலேறினான். இடையில் கலம் மணிபல்லவத்தில் தங்கியபோது அவன் இறங்கினான். அவன் ஏறினான் எனக் கருதிக் கலம் போய்விட்டது. ஆளில்லாத் தீவில் உணவளிக்கும் பாத்திரம் எதற்கு? அதனைக் கோமுகியில் விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். செல்ல விரும்பிய அச்சாவகத்திலேயே மறுபிறப்பில் புண்ணியராசனாகி, நாகபுரத்திலிருந்து ஆளுகின்றான். மணிமேகலை அவனைக் கண்டு அவன் பாத்திரத்தை அவனுக்கே காட்டுகின்றாள். அவன் கலமேறி மணிபல்லவம் வந்து மணலைத் தோண்டித் தன் பழைய உடம்பின் எலும்புகளைத் தானே காண்கின்றான். அவனைத் தேடித் திரும்பி வந்து அங்கேயே உயிர்விட்ட செட்டிகள் ஒன்பதின்மரின் எலும்புகளும் அங்குக் கிடக்கின்றன. துறவை நாடிய அவனை மணிமேகலை தடுத்து, நின் நாடு நின்னை நாடிப் புலம்பும் என்று கூறி, உயிர்க்கெல்லாம் உண்டியும் உடையும் உறையுளும் அளிப்பதே அறம் என்று அறிவுறுத்தி அனுப்புகின்றாள். கணிகை குலத்துப் பெண் ஒருத்தி மன்னனை மீண்டும் அரியணைக்கு அனுப்பும் காட்சி இது.

சாவகம் என்பது யாது? பெயரொற்றுமை கொண்டு யவத்தீவு என்பர் பலர். எனினும் அச்சொல் ஒரு தீவளவில் நின்றதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலங்கைமீது படையெடுத்த சந்திரபானு, மலாய்த் தீபகற்பத்தின் வடபகுதியிலிருந்த தாம்பிரலிங்கத்தின் மன்னன். அவனையும் சூளவம்சம் சாவகன் என்றே குறிக்கிறது. நாகபுரம் இன்னவிடத்தது என்று வரைபடத்தில் விரல் வைப்பது இயலாது. காப்பியம் நிலநூல் அன்று. ஆனால் கலங்கள் வந்துபோன கடல் உண்மையானது.

அக்கடலின் கரையில் இருப்பதே பந்திங். லங்காட் ஆற்றின் முகத்தை அடுத்து நிற்கும் ஜூக்ரா குன்று, மலாக்கா நீரிணையில் வந்த மாலுமிகளுக்கு நெடுங்காலம் அடையாளமாக விளங்கியது. பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கில் 1964-இல் வெண்கல முரசுகள் இரண்டு வெளிப்பட்டன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் வடவியட்நாமில் தழைத்த தோங்சோன் பண்பாட்டைச் சார்ந்தவை அவை. புகார் நகரம் புகழொடு விளங்கிய காலத்திற்கு முன்பே இவ்வாற்று முகம் தொலைநாட்டுப் பொருள்களை அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுவதில்லை. இரப்பர்ப் பால் வெட்டவும் பின்னர்ச் செம்பனைக் குலை அறுக்கவும் கோலலங்காட் தோட்டங்களுக்குத் தமிழர் வந்தது அண்மைக்காலச் செய்தி. அக்கடல்வழியோ மிகப் பழைமையானது.

தமிழர் வந்துபோன சுவடுகள் சற்று வடக்கே தெளிவாகவே கிடைத்துள்ளன. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் பொற்கொல்லன் ஒருவனது உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெரும்பதன் என்பான் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பூ காவ் தோங் என்னும் இடத்தில் கண்டெடுக்கப்பட்ட மட்கல ஓடு இன்னும் உள்ளத்தைத் தொடுவது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அவ்வோட்டில் மூன்று தமிழ்ப் பிராமி எழுத்துகளே எஞ்சியுள்ளன. அவை துறவோன் என்னும் சொல்லின் பகுதியாகலாம் என்பது ஐராவதம் மகாதேவன் கருத்து. அது சரியாயின், மணிமேகலை நூல் எழுதப்படுவதற்கு முன்னரே தமிழ்த் துறவி ஒருவனின் பாத்திரம் இக்கடல் கடந்து வந்துவிட்டது. நூலின் காலத்தை இரண்டாம் நூற்றாண்டு என்பாரும், ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகள் என்பாரும் உளர். பின்னையதே பலர்க்கு உடன்பாடு.

இப்போக்குவரவு ஒருவழிப்பட்டதும் அன்று. கடாரத்து மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுப்ப, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்கு அளித்த செய்தியை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. 1025-இல் இராசேந்திரன் படை கடாரத்தின்மீது வந்தது தனிக்கதை. அதனை அறியாத தமிழ் மாணவர் இலர். விகாரையின் செய்தியை அறிந்தவர் சிலரே. போரை நினைவில் வைப்பது எளிது போலும்.

மணிமேகலைக்குப் பெயர் தந்த கடல் தெய்வத்தின் வரலாறும் இக்கடலோடு பிணைந்தது. மகாஜனக சாதகத்தில், சுவர்ணபூமி நோக்கிச் சென்ற கலம் உடைந்து ஏழு நாள் நீந்திய இளவரசனை மணிமேகலா தெய்வமே காக்கிறது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி இத்தெய்வத்தைப் பற்றி ஆராய்ந்து, தமிழ்க் காப்பியத்தையும் தென்கிழக்காசிய மரபையும் இணைத்துக் காட்டினார். கம்போடியாவிலும் தாய்லாந்திலும் மேகலா இன்றும் நாட்டிய அரங்கில் வாழ்கின்றாள்: கையிலுள்ள மணியை அவள் அசைக்க மின்னல் எழும், அரக்கன் அவளை நோக்கிக் கோடரியை எறிய இடி முழங்கும். அங்கெல்லாம் ஆடலிற் போற்றப்படும் இப்பெயர், ஆடமாட்டேன் என்ற ஒரு பெண்ணுக்குத் தமிழில் சூட்டப்பட்டது என்பது சுவையான முரண். தமிழ்க் காப்பியத்தில் அத்தெய்வம் காப்பது மட்டுமன்றி அழிக்கவும் செய்கிறது. மகனை இழந்த துயரால் மன்னன் இந்திர விழாவை மறந்தபோது புகாரைக் கடல் கொள்ளுமாறு சபித்ததும் அதுவே. புகார் அழிந்த செய்தியை, சாவகத்திலிருந்து மீண்ட வழியில், மணிபல்லவத்தில்தான் மணிமேகலை கேட்கின்றாள். திரும்பிச் செல்ல அவளுக்கு ஊர் இல்லை.

ஆதலின் அவள் வஞ்சிக்குச் செல்கின்றாள். கண்ணகியின் கோயிலில் நிற்கின்றாள். தமிழ்க் காப்பியங்களில் ஒரு நூலின் தலைவி மற்றொரு நூலின் தலைவியோடு உரையாடும் இத்தகைய இடம் அரிது. கணவனோடு உயிர்விடாமல் மதுரையை ஏன் எரித்தாய் என்று மகள் வினவுகின்றாள். தெய்வமாகிவிட்ட கண்ணகி விடையிறுக்கின்றாள். மதுராபதி பழம்பிறப்பின் வினையை எடுத்துரைத்த பின்னரும் தன் சினம் தணியவில்லை என்றும், நல்வினையால் இப்பொழுது வானுலக இன்பம் நுகர்ந்தாலும் அச்சினத்தின் பயன் தன்னைப் பின்னர் வந்து பற்றும் என்றும் கூறுகின்றாள். இளங்கோவடிகள் பாடாத கண்ணகி இவள். சிலை வைத்தோரும் சிலை அகற்றியோரும் இவளைக் கண்டாரில்லை.

அவளே மகளுக்கு ஒரு நடைமுறை அறிவுரையும் தருகின்றாள். பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிய விரும்பினால், இளம்பெண் என்று கருதி அவர்கள் உனக்குக் கூறமாட்டார்கள். வேற்றுருக் கொள்க என்கின்றாள். மணிமேகலை ஆண் துறவியின் வடிவெடுத்துச் சமயக்கணக்கரிடம் ஒவ்வொருவராகச் சென்று கேட்கின்றாள். அக்காதையைத் தத்துவப் பட்டியல் என்று கூறித் தாண்டிச் செல்வது வழக்கம். கற்பதற்காகத் தன் பெண்ணுருவை மறைக்க நேர்ந்த ஒருத்தியின் கதையாக அதைப் பெண்கள் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் படித்துக் காட்டினால், பட்டியலுக்கும் உயிர் வரும்.

காஞ்சியில் வேற்றுரு தேவைப்படவில்லை. பஞ்சத்தால் வாடிய அந்நகரில் அவள் இறங்கியவுடன், கோவலன் மகள் கையில் அமுதசுரபியோடு வந்திருக்கின்றாள் என்று மன்னனுக்கு அறிவிக்கப்படுகிறது. மணிபல்லவத்தில் கண்டதைப் போன்ற பொய்கையும் பொழிலும் பீடிகையும் அங்கு அமைகின்றன. பாத்திரத்தைப் பீடிகைமேல் வைத்து, உண்ண வருக என்று அவள் அழைக்கின்றாள், பதினெட்டு மொழி பேசுவோரும் வந்து கூடுகின்றனர், விலங்குகளும் வருகின்றன. அவர்கள் உண்டபின், மாதவியும் சுதமதியும் உடனிருக்க, அறவண அடிகள் வருகின்றார். அளவை நூலின் நுட்பங்களை அவர் சொல்லத் தொடங்குகின்றார், மணிமேகலை கேட்டுக்கொண்டிருக்கின்றாள்.